பதினேழாம் வாரம்

ரெஜைனா, போலீஸ் பயிற்சி முகாம் வாசல்.
வண்டியை அணைக்காமல் நிறுத்தியிருந்தேன்.
மைனஸ் முப்பத்தொன்று.
அணைத்தால் மறுபடி உயிர் பிடிக்குமா என்பதற்கு
அந்தக் குளிரில் யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள்.

கோர்வின் வந்தான்.
போனபோது இரண்டு பை, வரும்போது ஒன்று.
சீருடை, தொப்பி, கச்சை, முழங்கால் உயர பூட்ஸ்,
எல்லாவற்றையும் மேசையில் பரப்பி எண்ணிக்
கையெழுத்து வாங்கிக்கொண்டார்களாம்.
"சாக்ஸ் மட்டும் எனக்கே" என்றான்.
பூட்ஸுக்கு ஏற்றிய பழுப்பு மெருகு
நகக்கண்களில் இன்னும் இருந்தது.

இருபத்தாறு வாரத்தில் பதினேழு.
நான் கேட்கவில்லை.
இருபத்திரண்டு வருடமாய்ப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.
அழப்போகிற பிள்ளையிடம் கேள்வி கேட்டால்
கடைசி நிறுத்தம்வரை அழும்.
விட்டால் தானே சொல்லும்.

பென்ஸ் தாண்டினோம்.
பெல் ப்ளெய்ன் உர ஆலையின் புகை
காற்றே இல்லாத வானத்தில்
நட்டுவைத்ததுபோல் நின்றது.
அங்கேதான் வாய் திறந்தான்.

உள்ளே ஒரு போலி வீடு கட்டியிருக்கிறார்களாம்.
சோபா, அடுப்பு, டிவிகூட ஓடும்.
கூலிக்கு நடிப்பவன் ஒருவன் கத்தியோடு கத்துவான்.
கதவு, மூலை, கை, கத்தி,
எல்லாம் சரியாகப் பார்த்தான் கோர்வின்.
பதினோரு விநாடியில் ஆள் தரையில்.
இதுதான் உதாரணம் என்றாராம் பயிற்றுநர்.

பிறகு எல்லோருக்கும் வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள்.
தரைவிரிப்பின் மேல் ஒரு பொம்மை.
மஞ்சள் போர்வை,
ஒரு குழந்தையின் எடைக்கு மணல் அடைத்தது.
அதைத் தாண்டிப் போயிருக்கிறான்.
இரண்டு தடவை, போகும்போதும் வரும்போதும்.

"எனக்கு ஞாபகமே இல்லை, வெர்னா.
கால் தூக்கியிருக்கிறது. நான் பார்க்கவில்லை."

அன்றிரவுதான் ஜோலீன்
வயிற்றில் போனை வைத்து
ஏழாம் மாதத்து உதையைக் கேட்கச் சொன்னாளாம்.
இரைச்சல்தான் கேட்டதாம்.

நல்ல போலீஸ்காரன் ஆகியிருப்பான்.
அதுதான் அவன் பயம்.

ஆறுதல் சொல்ல எனக்கென்ன உரிமை என்று
ஒரு காலத்தில் கணக்குப் பார்த்ததுண்டு.
மாற்றாந்தாய் என்ற சொல்லை எடுத்து
ஓரவஞ்சனைக்குப் பெயராக வைத்துவிட்டார்கள்.
நான் அந்த வீட்டுக்குப் போன முதல் இரவு
ஒன்பது வயது கோர்வின்
அறைக்கதவுக்கு உள்ளிருந்து நாற்காலியை முட்டுக்கொடுத்தான்.
அது இழுபடும் சத்தத்தைக் கேட்டபடி
கூடத்தில் நின்றேன். தட்டவில்லை.
காலையில் வாசலில் பான்கேக் வைத்தேன்.
தட்டு காலியாகத் திரும்பியது.
நாற்காலி எட்டு மாதம் அங்கேயே இருந்தது.

"நீ எப்படி முடிவெடுத்தாய்?" என்றான் திடீரென்று,
"ஏற்கெனவே பிள்ளை இருக்கிற வீட்டுக்கு வர?"

முடிவெல்லாம் இல்லை என்றேன்.
உன் அப்பா பழைய வாஷிங் மெஷினை விற்க
விளம்பரம் கொடுத்திருந்தார். வாங்கப் போனேன்.
சரியான கனம். தூக்க ஆளில்லை.
அங்கேயே துவைக்க ஆரம்பித்தேன்.

சிரித்தான்.
மூஸ் ஜா வரும்வரை விட்டுவிட்டுச் சிரித்தான்.

வீட்டில் லார்ன் பனி அள்ளிக்கொண்டிருந்தார்.
முப்பது வருடம் அதே சீருடையைப் போட்டவர்.
டிசம்பரிலேயே கூடத்துச் சுவரில்
தன் படத்துக்குப் பக்கத்தில்
அளவெடுத்து ஆணி அடித்துவைத்தவர்.

மகனைப் பார்த்தார். ஒற்றைப் பையைப் பார்த்தார்.
கராஜுக்குள் போய் இன்னொரு மண்வாரியைக் கொண்டுவந்து நீட்டினார்.
இருட்டும்வரை இருவரும் அள்ளினார்கள்,
பக்கத்து வீட்டு வாசலையும் சேர்த்து.
பேசினார்களா தெரியாது.
ஜன்னல் பூராவும் உறைபனி.

ஆணி அப்படியே இருக்கிறது.
பிடுங்கினால் சுவர் பெயரும் என்கிறார் லார்ன்.
பேருந்துச் சாவியை நான் அதில் மாட்டுகிறேன்.

கோர்வினுக்கு உர ஆலையில் இரவு ஷிப்ட்.
கிளம்பும்போது கூடத்தைக் கடக்கையில்
குனிந்து பார்த்தே நடக்கிறான்,
இன்னும் எதுவும் கிடக்காத தரையை.